அந்தரத்தில் நிற்பது எது?
நாங்குநேரி தாண்டியதும் தரிசுக்காட்டுக்கு மேல் ஒரு பறவை அந்தரத்தில் நிற்கும். ஊரில் எதுவானாலும் ‘பருந்து’தான். கொஞ்சம் நின்று பார்த்தால் அப்படி நிற்பதில் ரெண்டு பறவை உண்டு: கருந்தோள் பருந்து, கெஸ்ட்ரல். ரெண்டும் வேறு.

கருந்தோள் பருந்து உள்ளூர்க்காரன். வெள்ளை உடம்பு, தோளில் கருப்பு, சிவந்த கண். எலிதான் முக்கியச் சாப்பாடு. சிறகை மேலே தூக்கிக்கொண்டு மெதுவாக இறங்கும்.

கெஸ்ட்ரல் ராஜாளி இனம்; பெரும்பாலும் பனிக்கால விருந்தாளி. சுமார் 200 கிராம் எடை, செங்கல் நிற முதுகு, கூர்ந்த சிறகு. எதிர்காற்றில் வாலை விசிறியாக விரித்து நிற்கும்; உடம்பு ஆடும், தலை மட்டும் ஆணி அடித்த மாதிரி அசையாது. படிப்படியாக இறங்கி, கடைசியில் புல்லுக்குள் ஒரே பாய்ச்சல். காலில் வெட்டுக்கிளியோ ஓணானோ இருக்கும். பலநேரம் ஒண்ணும் இருக்காது. கூடு கட்டுகிற சோலியும் கிடையாது, பாறை இடுக்கோ காக்கையின் பழைய கூடோ போதும். வேடிக்கை பார்க்க எனக்கு இதுதான்.