ஒழுங்கைக்குள் ஓட்டோ வராத வீடு

ஊருக்குப் போனால் வங்கி, பதிவகம், விதானை (கிராம அலுவலர்) என்று அலைவது புதிதில்லை. இந்தமுறை முழு அலைச்சலும் ஓர் ஒழுங்கைக்காக, வீட்டுக்குப் போகும் ஒடுங்கிய பாதைக்காக.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் அக்கா இருப்பது பின்வளவு. அம்மம்மாவின் காணியை இரண்டாக்கிச் சீதனம் எழுதியபோது, பின்துண்டுக்குக் 'கிணறும் வழிவாய்க்கால் பங்கும்' என்று காணி உறுதியில் போட்டார்கள். பாதை எத்தனை அடி அகலம் என்று ஒருவரும் எழுதவில்லை. கதியால் வேலிக் காலத்தில் அது தேவைப்படவுமில்லை. வண்டில் வந்தால் இரண்டு கதியாலைப் பிடுங்கி, போனபின் நட்டுவிடுவார்கள். பிறகு முன்வளவு கைமாறியது. வாங்கியவர் பெயரிலல்லாமல், பாரிஸில் இருக்கும் மகன் பெயரில் உறுதி. அவர் காசு அனுப்ப, மதில் எழும்பியது. இப்போது மோட்டார் சைக்கிள் போகும், ஓட்டோ திரும்பாது. மாமிக்கு நெஞ்சுநோ வந்த இரவு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்த அம்புலன்ஸ் றோட்டிலேயே நின்றது. கதிரையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். வெளிநாட்டுக் காசு ஊருக்குச் செய்த நன்மைகளில் மதிலை நான் சேர்க்கமாட்டேன்.

பிரதேச சபையில், தங்கள் பதிவேட்டில் இல்லாத தனியார் ஒழுங்கை என்று ஒரே வரியில் முடித்தார்கள். காணிப் பதிவகத்தில் வரிசை நீளம். ஆனால் தோம்பு (காணிப் பதிவேடு) பார்த்துத் தந்தவர் பொறுமைசாலி.

"பொலிசில் போடு" என்றவர்கள் பலர். போட்டால், கைகலப்பு வரும் நிலை என்று பொலிஸ் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும். அங்கே கிடைப்பது தற்காலிகக் கட்டளைதான். உரித்துக்கு மாவட்ட நீதிமன்றப் படியேற வேண்டும். சட்டத்தரணி முதலில் கேட்டது வேறு: "கேட்டு நடந்தனீங்களோ, கேளாமல் நடந்தனீங்களோ?" 1871ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டப்படி 10 வருஷம் தடையில்லாமல் உரித்தோடு நடந்தால் பாதை உரிமையாகலாம், தயவில் நடந்தது எத்தனை வருஷமானாலும் ஆகாது. உறுதியில் அந்த ஒரு வரி இருந்ததால் நாங்கள் தப்பினோம்.

கடைசியில் இணக்கசபை, பிணக்கைப் பேசித் தீர்க்கும் சபை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. எங்களுக்கு அது கூடியது விடுமுறைநாளில், பள்ளிக்கூட வகுப்பறையில்; சின்னப் பிள்ளைகளின் வாங்கில் இரண்டு வீட்டாரும் முட்டுக்கால் இடிக்க இருந்தோம். சட்டத்தரணிமார் வந்து பேச முடியாது. அதுவே பாதி நிம்மதி. நான் காணிப் படத்தை விரித்து அடிக்கணக்குச் சொல்லத் தொடங்க, இளைப்பாறிய அதிபர் ஒருவர் மறித்தார்: "தம்பி, நீங்கள் போயிடுவியள். அக்காவும் இந்த ஐயாவும்தான் இஞ்சை இருக்கப்போகினம். அவையள் கதைக்கட்டும்."

கதைத்தார்கள். முதலில் மதிலைப் பற்றியில்லை. எங்கள் வேம்பின் சருகு அவர்களின் கிணற்றில் விழுவதைப் பற்றி. எத்தனை வருஷக் கோபமோ! அக்கா வேம்பைத் தறிக்கச் சம்மதித்தா. ஐயா மதிலின் மூலையைச் சரித்து உடைக்கச் சம்மதித்தார். ஓட்டோ திரும்ப அது போதும். அம்புலன்ஸ் அரைவாசிவரை வரும்.

நில அளவையாளர் புதுப் படம் வரைந்துவிட்டார், இந்தமுறை அடி, அங்குலத்தோடு. நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடிக்க மகனின் அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்காக ஒப்பமிடும் அதிகாரப் பத்திரம், வேண்டும். அவர் பாரிஸ் தூதரகத்தில் நேரம் எடுத்திருப்பதாக ஐயா சொன்னார். அது வரும்வரை மூலையை உடைக்கவேண்டாம் என்றும் மகன் சொல்லியிருக்கிறாராம். வேம்பு ஏற்கெனவே தறித்தாயிற்று.