இல் ஓ எக்ரெத் தீவில் இறக்கிவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மாவை மொரீசியஸுக்கு அழைத்து வந்து கடலோரம் ஒரு நாள் சுற்றிக் காட்ட நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன ஆகஸ்டில் நாங்கள் ஏமாந்த கதை இது.

அப்பா நாகர்கோவிலில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மொரீசியஸில் மட்டுமே வாழ்ந்த டோடோ பறவை அழிந்ததை வருடா வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவருக்கு, இந்த ஊரில் பார்க்க வேண்டும் என்றிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இளஞ்சிவப்புப் புறா. அதுவும் டோடோ போன வழியிலேயே போயிருக்க வேண்டியது. 1990 வாக்கில் காட்டில் ஏறக்குறைய பத்துப் பறவைகள்தான் மிச்சம். கூண்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து, திரும்பக் காட்டில் விட்டுத்தான் காப்பாற்றினார்கள். அப்படி விட்ட இடங்களில் ஒன்று மாயேபூருக்கு எதிரே கடலில் இருக்கும் இல் ஓ எக்ரெத். வெறும் 26 ஹெக்டேர் தீவு. பெரிய ஆமைகளும் கருங்காலி மரங்களும் உண்டு.

நான் பார்த்த விளம்பரத்தில் எல்லாமே இருந்தது. எட்டுப் பேருக்கு மேல் ஏற்ற மாட்டோம், தமிழ் பேசும் வழிகாட்டி வருவார், ஐந்து தீவு காட்டுவோம், எக்ரெத்தில் இறங்கி நடக்கலாம், மதியம் பார்பெக்யூ. ஆளுக்கு 3,200 மொரீசியஸ் ரூபாய். மூன்று பேருக்கும் சேர்த்து 9,600 ரூபாயை முந்தின நாளே ஜூஸ் என்ற பணம் அனுப்பும் ஆப்பில் அனுப்பிவிட்டேன். ரசீது கேட்டதற்கு, காலையில் வேனில் தருவார்கள் என்று பதில் வந்தது. தரவில்லை.

காலை ஏழரைக்குக் காத்ர் போர்னில் வீட்டு வாசலில் ஏறினோம். வேன் நேராகக் கடலுக்குப் போகவில்லை. கூரெபீப்பில் மரக்கப்பல் பொம்மை விற்கும் கடையில் ஐம்பது நிமிடம் நிறுத்தினார்கள். ஒரு கப்பலாவது வாங்கினால்தான் விடுவார்கள் போல, கடைக்காரர் அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம்தான் ப்ளூ பே கடற்கரை. அங்கே ஏற்கெனவே இன்னும் இரண்டு வேன்கள் நின்றன. எல்லோரையும் ஒரே படகில் ஏற்றினார்கள். எண்ணிப் பார்த்தேன், பயணிகள் மட்டும் 21 பேர். லைஃப் ஜாக்கெட் 14. ஆளுக்கு ஒன்று இருந்தாக வேண்டும் என்று நான் சொன்னபோது, 'லகூனுக்குள்தானே போகிறோம்' என்றார் படகோட்டி. வழிகாட்டியாக வந்த பையன் தான் போட்டிருந்ததைக் கழற்றி அம்மாவுக்குக் கொடுத்தான்.

அந்தப் பையனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் இங்கேயே பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவன். வணக்கம், அம்மா, அப்பா, முருகா தவிர அவனுக்குத் தமிழ் வராது, வீட்டில் இந்த ஊர் மொழியான கிரியோல்தான். அது அவன் குற்றமே இல்லை. தமிழ் பேசும் வழிகாட்டி என்று நாங்கள் கேட்டிருப்பதுகூட அவனுக்குத் தெரியாது. அவன் பெயரை வைத்து எங்களிடம் காசு வாங்கிய ஆள் மேல்தான் எனக்குக் கோபம்.

ஆகஸ்ட் இங்கே குளிர்காலம். தென்கிழக்குக் காற்று நன்றாக வீசும். அம்மா முழுக்க நனைந்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். அப்பா மட்டும் பைனாகுலரைத் துடைத்துத் துடைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

தீவு வந்தது. படகோட்டி எஞ்சினைக் குறைத்து, கையை நீட்டி 'எக்ரெத்!' என்றார். எல்லோரும் போனைத் தூக்கினார்கள். அப்பா எழுந்து நின்று, 'எந்தப் பக்கம் இறங்கணும்ப்பா?' என்று கேட்டார். பையன் படகோட்டியைப் பார்த்தான். அவர் தலையை ஆட்டி, 'பா கபாவ் தெசான்' என்றார். இறங்க முடியாதாம். என் போனில் தீவின் முதல் படம் 11.08, கடைசிப் படம் 11.12. நான்கு நிமிடம். அப்பா உட்கார்ந்து பைனாகுலரை உறையில் போட்டு மூடினார். அப்புறம் அதை அவர் எடுக்கவே இல்லை.

காற்று அடித்ததால் இறக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எக்ரெத் ஒரு இயற்கைக் காப்பகம். மொரீசியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்புதான் அதைப் பராமரிக்கிறது. கரையில் புவாந்த் ஜெரோம் என்ற இடத்திலிருந்து அவர்கள் ஏற்பாடு செய்யும் படகில், அவர்கள் வழிகாட்டியோடு போனால்தான் உள்ளே நடக்க முடியும். சாதாரணச் சுற்றுலாப் படகு எந்தக் காலநிலையிலும் உங்களை அங்கே இறக்காது. விளம்பரம் போட்டவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பவளம் பார்க்கும் கண்ணாடிப் படகு கட்டணத்தில் சேர்ந்தது என்றார்கள். அங்கே போனதும் தலைக்கு 400 கேட்டார்கள். 1810இல் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கடற்போர் நடத்திய இல் தெ லா பாஸைத் தூரத்தில் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்து தீவில் கால் வைத்தது இல் ஓ செர்ஃபில் மட்டும், அதுவும் நாற்பது நிமிடம். அம்மா சைவம் என்று முன்பே எழுதியிருந்தேன். மூன்று மணிக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு துண்டு ரொட்டியும் வெள்ளரிக்காயும்.

சாயங்காலம் காசு வாங்கிய ஆளைக் கூப்பிட்டுக் கேட்டால், கடல் நிலைமை சரியில்லை என்றார். கட்டணத்தில் பாதியாவது திருப்பித் தாருங்கள் என்று எழுதினேன். பார்த்த அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் அப்பா அம்மாவுக்கு விமானம். ஃபவுண்டேஷன் மூலமாகத் தனியாக அழைத்துப் போக நேரமே இல்லாமல் போய்விட்டது.

எக்ரெத் பார்க்க வேண்டுமென்றால் ஃபவுண்டேஷனிடமே நேரடியாகப் பதிவு செய்யுங்கள். வேறு படகு என்றால், சுற்றுலா ஆணையம் கொடுத்த உரிமத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் தயங்க மாட்டார். எத்தனை பேர், எங்கே கால் வைப்போம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள். வயதானவர்கள் கூட இருந்தால், ஜாக்கெட் குறைவான படகில் ஏறவே ஏறாதீர்கள். நான் ஏறியிருக்கக் கூடாது.

படகின் பதிவு எண், நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் படங்கள், பணம் அனுப்பிய ஆதாரம் எல்லாவற்றையும் சேர்த்து ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி உங்களுக்கும் நடந்திருந்தால் தேதியோடு எனக்கு எழுதுங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.