பள்ளிகள் இணையும்போது ஆசிரியர்களை ஆயத்தப்படுத்துவது எப்படி: பயிற்சி முகாமா, பொதுப் பாடவேளையா, பரிமாற்றமா?

ஒரு தொடக்கப் பள்ளியும் ஓர் உயர்நிலைப் பள்ளியும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும்போது கட்டடம், பதிவேடுகள், பணிமூப்பு ஆகியவை முதலில் பேசப்படுகின்றன; இருதரப்பு ஆசிரியர்களும் எவ்வாறு சேர்ந்து பணியாற்றப் போகிறார்கள் என்பது கடைசியில்தான் எழுகிறது. எங்கள் பள்ளிகள் இணைந்தபோது திட்டக்குழுவின் முன் மூன்று வழிகள் இருந்தன. இணைப்புக்கு முந்தைய விடுமுறையில் கூட்டுப் பயிற்சி முகாம் நடத்துவது ஒன்று. இருதரப்பு ஆசிரியர்களும் சேர்ந்து அமர்ந்து பேச, ஆண்டு முழுவதற்கும் கால அட்டவணையிலேயே பொதுப் பாடவேளை ஒதுக்குவது மற்றொன்று. ஒருதரப்பு ஆசிரியர்களை மறுதரப்பு வகுப்புகளில் கற்பிக்க அனுப்பும் பரிமாற்றம் மூன்றாவது. குழு உறுப்பினராக நான் இரண்டாவதையே ஆதரித்தேன், இன்றும் அதையே ஆதரிக்கிறேன். கீழே வருவதை அந்தச் சாய்வை மனத்தில் கொண்டே படிக்கலாம்.

முகாமின் நன்மைகளை விளக்க வேண்டியதில்லை. செலவை முன்கூட்டியே கணிக்கலாம், வகுப்புகள் தடைபடா, முகம் தெரியாதவர்கள் அறிமுகமாவார்கள். ஆனால் அங்கே பேசப்படுவதெல்லாம் பொதுவான நோக்கங்களே. மாணவர் எழுதிய ஒரு தாள்கூட மேசைமீது இருப்பதில்லை.

பொதுப் பாடவேளையில் அந்தத் தாள்தான் மையம். எட்டு கூட்டல் நான்கு, சமக்குறி, ஒரு காலிக்கட்டம், கூட்டல் ஐந்து என்ற கணக்கைக் கொடுத்தால் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் பலர் கட்டத்துக்குள் பன்னிரண்டு என்று எழுதுவார்கள். சமக்குறியை ‘விடையை இங்கே எழுது’ என்ற கட்டளையாக அவர்கள் பழகியிருக்கிறார்கள். இருபுறமும் சமம் என்ற பொருளில் அதை வாசிக்கப் பழகவில்லை. இயற்கணிதம் தொடங்கும்போது சமன்பாட்டின் இருபுறமும் ஒரே எண்ணைக் கழிப்பது ஏன் என்று அந்தப் பிள்ளைக்கு விளங்காது. பாட ஆசிரியரோ ‘அடிப்படையே சரியில்லை’ என்று கீழ்வகுப்பைக் குறை சொல்வார். இரு ஆசிரியர்களும் ஒரே தாளை அருகருகே அமர்ந்து பார்த்தால் பேச்சு குறைகூறலிலிருந்து விலகி, காலிக்கட்டத்தைச் சமக்குறியின் இடப்பக்கமும் வைத்துப் பயிற்சி கொடுப்பது, எண்ணை இரண்டு விதமாகப் பிரித்து எழுதச் சொல்வது என்று செய்யக்கூடியவற்றுக்கு நகர்கிறது. மொழிப் பாடத்திலும் இதே நிலைதான்: உரக்க வாசித்துப் பழகிய பிள்ளையிடம் மௌன வாசிப்பும் பத்தியின் கருத்தைச் சுருக்கி எழுதுவதும் எந்த வகுப்பில் எதிர்பார்க்கப்படுகின்றன என்பதை இருதரப்பும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த மூன்று வழிகளுள் எது நிலைக்கும் என்பதை என் கணிப்பில் ஒரே ஒரு காரணி தீர்மானிக்கிறது: நேரம் எவருடைய கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது என்பது. உயர்நிலைப் பாட ஆசிரியருக்கு அட்டவணையில் ஓய்வுப் பாடவேளைகள் உண்டு. தொடக்கநிலை வகுப்பாசிரியரோ பெரும்பாலும் நாள் முழுவதும் ஒரே வகுப்போடு இருப்பவர். அவர் வெளியே வர வேண்டுமானால் வேறொருவர் உள்ளே போக வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ‘வாரம் ஒருமுறை சந்தித்துக்கொள்ளுங்கள்’ என்று சுற்றறிக்கை அனுப்பினால், சந்திப்பு பள்ளி முடிந்த பிறகான நேரத்துக்குத் தள்ளப்பட்டு, வீட்டுப் பொறுப்பு உள்ளவர்கள் முதலில் விடுபட்டு, தேர்வுக் காலம் நெருங்கும்போது அப்படியே நின்றுபோகும். எனவே அட்டவணை தயாரிப்பதை இந்தப் பொதுப் பாடவேளையிலிருந்தே தொடங்க வேண்டும்: தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புகளுக்கு உடற்கல்வி, ஓவியம், நூலகம் ஆகிய பாடவேளைகளை ஒரே நேரத்தில் வைத்து, அதே நேரத்தில் கணித ஆசிரியர்களின் ஓய்வுப் பாடவேளையையும் பொருத்திவிட்டு, மற்றவற்றைப் பிறகு நிரப்ப வேண்டும். அட்டவணை போடுபவருக்கு இது தலைவலிதான். தனிக் கலை ஆசிரியரோ உடற்கல்வி ஆசிரியரோ இல்லாத பள்ளியில் பதிலி ஆசிரியருக்குச் செலவும் ஆகும். அந்தச் செலவு ஒவ்வோர் ஆண்டும் வரும் என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். முகாம் மலிவாகத் தெரிவதற்குக் காரணம் அது ஒருமுறைச் செலவு என்பதுதான். பணியிட மாறுதலில் ஆசிரியர்கள் போய்ப் புதியவர்கள் வரும்போது முகாமில் உண்டான அறிமுகமும் அவர்களோடு போய்விடுகிறது, அட்டவணையில் உள்ள பாடவேளையோ புதிதாக வருபவரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

தொடக்கநிலைக்கும் உயர்நிலைக்கும் இடையிலான எல்லைக்கோட்டைச் சட்டத்தின் மூலம் அழிப்பது மட்டும் போதாது என்பதற்குப் பின்லாந்து சான்று. அங்கே ஒன்பதாண்டுப் பொதுப் பள்ளி 1972-ல் வடபகுதியில் தொடங்கி 1977-க்குள் நாடு முழுவதும் பரவியது. கீழ்நிலை, மேல்நிலை என்ற நிர்வாகப் பிரிவை 1998-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. ஆயினும் முதல் ஆறு வகுப்புகளுக்குப் பெரும்பாலும் வகுப்பாசிரியர், அடுத்த மூன்றுக்குப் பாட ஆசிரியர் என்ற பகுப்பும் அவர்களுக்கான தனித்தனிப் பயிற்சியும் தொடர்கின்றன.

பரிமாற்ற முறைக்குத் தெளிவான உதாரணம் ஜப்பான். 2016 ஏப்ரலில் அங்கே ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்விப் பள்ளி என்ற தனிவகை நடைமுறைக்கு வந்தது. அதில் கற்பிப்பவருக்குத் தொடக்கநிலை, கீழ் இடைநிலை ஆகிய இரண்டுக்குமான உரிமம் வேண்டும் என்பது கொள்கை, ஒன்று மட்டும் உள்ளவர் அந்த நிலையில் கற்பிக்கலாம் என்பது தற்காலிகச் சலுகை. ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்குக் கீழ் இடைநிலைப் பள்ளி ஆசிரியர் சென்று பாடம் நடத்துவதும் அங்கே அறியப்பட்ட வழக்கம். மறுதரப்பு வகுப்பில் நின்று கற்பிப்பதைவிட ஆழமான புரிதலைத் தரக்கூடியது வேறில்லை என்பதை ஏற்கிறேன். எங்கள் பள்ளியில் இதைக் கணிதத்தில் மட்டும், அதுவும் விரும்பி முன்வந்தவர்களைக் கொண்டே செய்து பார்த்தோம். ஆகவே விருப்பமில்லாதவர்களை அனுப்பினால் எப்படிப் போகும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. சிறு பிள்ளைகளைக் கையாளப் பழகாத பாட ஆசிரியர் தனியாக உள்ளே போவதைக் காட்டிலும், முதல் பருவத்தில் வகுப்பாசிரியரும் உடன் இருப்பது நல்லது என்பது மட்டும் என் கருத்து.

இரு வளாகங்களும் தொலைவில் இருந்தால் என் பரிந்துரையும் மாறும். பயண நேரம் பாடவேளையை விழுங்கிவிடும் இடத்தில் வாராந்திரச் சந்திப்பை வற்புறுத்தாமல், மாதம் ஒருமுறை அரைநாள் ஒதுக்கி, விடைத்தாள்களை முன்கூட்டியே பரிமாறிக்கொள்ளச் செய்யலாம். ஆனால் அந்த அரைநாளும் அட்டவணையில் இடம்பெற வேண்டும்.