எட் மேத்ஸ் முடித்தாச்சு: அடுத்து எஸ்டிபிஎம்மா, ஏ லெவலா?

மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்ததும் பினாங்கின் பட்டர்வொர்த், நிபோங் திபால் பக்கப் பெற்றோர் கேட்பது இதுதான்: "பிள்ளைக்குக் கணக்கு நல்லா வருது, எஸ்டிபிஎம் எழுத ஆறாம் படிவத்துக்கு அனுப்பவா, தனியார் கல்லூரியில் பிரிட்டிஷ் ஏ லெவலுக்குப் பணம் கட்டவா?" பணத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் வகுப்பில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எஸ்பிஎம்மின் கூடுதல் கணிதமான எட் மேத்ஸில் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும்போது வர்க்கமூலத்துக்குள் மைனஸ் எண் வந்தால், மெய் மூலம் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். எஸ்டிபிஎம்மின் கணிதப் பாடமான மேத்ஸ் டி அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதல் பருவத்திலேயே மைனஸ் எண்ணின் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொள்ளும் கலப்பெண், அதன் அடுக்கைக் கண்டுபிடிக்கும் டி மோய்வர் தேற்றம், ஒரே எண்ணுக்கு மூன்று கனமூலம் என்று இறங்கிவிடுவார்கள், கூடவே அணிகளும் வெக்டரும் வரும். இரண்டாம் பருவம் நுண்கணிதம், மூன்றாவது புள்ளியியல். பழைய கேள்வித்தாளைத் திரும்பத் திரும்பப் போட்டே ஏ வாங்கிய பிள்ளை ஆரம்பத்தில் கண்டிப்பாகத் திணறும். அதைப் பார்த்துப் பாடத்தை மாற்றிவிடாதீர்கள்.

ஏ லெவலில் இதே சரக்கு இரண்டு பாடமாகப் பிரிந்து கிடக்கிறது. கேம்பிரிட்ஜின் சாதாரண மேத்ஸில், அதாவது பாட எண் 9709இல், கலப்பெண் உண்டு. டி மோய்வரும் அணிகளும் வேண்டுமென்றால் 9231, ஃபர்தர் மேத்ஸ் எடுக்க வேண்டும். நிரூபணம் எழுதுவதில் உண்மையிலேயே ஆசையுள்ள பிள்ளைக்கு அது விருந்து, கணிதத் தொகுத்தறிதல் என்ற நிரூபண முறை முதல் தாளிலேயே வந்துவிடும். லண்டன் இம்பீரியலில் கணிதம் படிக்க ஏ லெவல் மாணவருக்கு ஃபர்தர் மேத்ஸ் கட்டாயம். அந்தக் கனவு இல்லாவிட்டால் தனியார் கல்லூரியில் பல்லாயிரம் வெள்ளி கொட்டுவதற்கு நான் காரணம் காணவில்லை.

கெப்பாலா பத்தாஸில் அரசாங்கத்தின் பல்கலைக்கழக முன்தயாரிப்புப் படிப்பான மெட்ரிகுலேஷன் கிடைத்தால்? ஒரே வருடத்தில் முடியும், வேகமும் அதற்கேற்ப இருக்கும், அவ்வளவுதான்.

என் ஓட்டு எஸ்டிபிஎம்முக்குத்தான். செலவு குறைவு, கேள்வித்தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், முதல் இரண்டு பருவத்தில் சறுக்கினாலும் மறுபடி எழுதலாம். நம் பிள்ளைகளில் பலருக்கு அந்த இரண்டாவது வாய்ப்புதான் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு வழி திறக்கிறது.

ஏ லெவல்தான் என்று முடிவு செய்துவிட்டீர்களா, சரி, முன்பணம் கட்டும் முன்னே ஃபர்தர் மேத்ஸ் இந்த வருடம் நடக்கிறதா, ஆள் குறைந்தால் ரத்து செய்வார்களா என்று கல்லூரியில் நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.