இடது பக்கக் கால்மிதி: மாருதி 800-உடன் ஏழு மழைக்காலம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சினன் போன் செய்தான். "அத்தான், ஏரல்ல ஒரு எய்ட் ஹண்ட்ரட் நிக்குது. அறுபதாயிரம் சொல்றாங்க. உங்கள மாதிரி நானும் வீட்லயே வேலை பாத்து ஓட்டலாம்னு நினைக்கேன். எடுக்கட்டுமா?"

"வேண்டாம் மாப்ள" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். முந்தின ராத்திரி தூத்துக்குடியில் நல்ல மழை. அவன் கூப்பிட்ட நேரத்தில் எங்கள் காரின் இடது பக்கக் கால்மிதியை எடுத்து, வாசலில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன். அதனால்தான் அவ்வளவு சுருக்கமான பதில். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம் என்று வீட்டில் சொன்னார்கள். ஆகவே முழுசாக எழுதுகிறேன்.

வண்டி 1998-இல் பதிவானது. கார்புரேட்டர், நான்கு கியர், ஏசி இல்லை. 2019 ஜூலையில் 48,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கு முன்னால் சைக்கிள் பஞ்சர்கூட நான் ஒட்டியதில்லை. இன்றைக்கு டிஸ்க் பேடு, பின் டிரம் லைனிங், கிளட்ச் கேபிள், ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப், கார்புரேட்டர் சுத்தம் எல்லாம் எங்கள் வீட்டு முற்றத்திலேயே நடக்கிறது. இந்த வண்டி அதற்கு இடம் கொடுக்கிறது. பானட்டைத் திறந்தால் தரை தெரியும். கை போகாத மூலை அநேகமாக இல்லை. 10, 12, 14 ஸ்பேனர் மூன்றையும் வைத்துக்கொண்டு முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம். சாமானும் கிடைக்கிறது. 1983 டிசம்பரில் வந்த வண்டி, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் எதற்கும் நான் இரண்டு நாளைக்கு மேல் காத்திருந்ததில்லை. ஆம்னியும் இதே 796 சிசி இன்ஜினோடு 2019 வரை வந்ததால் கடைக்காரர்கள் இன்னும் சரக்கு வைத்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கிற ஸ்டாண்டு வாங்க முடியாவிட்டால் அன்றைக்கு அந்த வேலையே வேண்டாம்.

இனி தண்ணீர்.

முதல் ஐப்பசி மழையிலேயே இடது பக்கக் கால்மிதி நனைந்தது. கதவை ஒழுங்காகச் சாத்தவில்லை என்று நினைத்தோம். அடுத்த மழையிலும் நனைந்தது. மேலே உள்ள ரப்பர் மிதியடியைத் தூக்கினால் அடியில் கம்பளம், அதற்கும் அடியில் சணலும் பஞ்சும் சேர்த்து அழுத்தியது போல ஒரு மெத்தை. அது குடிக்கிற தண்ணீருக்கு அளவே இல்லை. மேலே காய்ந்து போனது போல இருக்கும், அமுக்கினால் விரலுக்கு இடையில் தண்ணீர் வரும். அந்த மெத்தையைப் புரட்டி, ஸ்க்ரூடிரைவர் முனையால் பிளாட்பாரத்தை, அதாவது காரின் தரைத் தகட்டை, தட்டினேன். மூன்றாவது தட்டில் முனை தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. உப்பளக் காற்று அடிக்கிற ஊரில் ஈரம் தேங்கினால் தகடு அப்படித்தான் போகும். வெல்டிங் எனக்கு வராது. அந்த ஓட்டையை மட்டும் டிங்கரிங் பட்டறையில் கொடுத்துத் தகடு வைத்து அடைத்தோம்.

அடைத்த பிறகும் உள்ளே தண்ணீர் வந்தது. கீழே உள்ள ஓட்டை தண்ணீர் வெளியே போன வழி. வந்த வழி வேறு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதல் வழி 2020-இல் கிடைத்தது. வைப்பருக்குக் கீழே, பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சல்லடை போல ஒரு பகுதி இருக்கும். கண்ணாடியில் விழுகிற மழை அதற்குள் இறங்கி, இரண்டு ஓரமும் உள்ள வடிகால் வழியாகச் சக்கரத்துக்குப் பின்னால் கொட்ட வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் வேப்பமரம். வருடக்கணக்கான வேப்பிலை உள்ளே மக்கி, கறுப்பு மண்ணாகி, இடது வடிகாலை அடைத்துவிட்டது. தண்ணீர் மட்டம் ஏறி, காருக்குள் காற்றை ஊதுகிற ப்ளோயருக்குக் காற்று போகிற வாய் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. ஒரு பழைய கிளட்ச் கேபிளின் உள்கம்பியை விட்டுக் குத்தி எடுத்தேன். இரண்டு கை மண் வந்தது.

இரண்டாவது, கதவு. இது பலருக்குத் தெரியாது: கார்க் கதவுக்குள் மழைத்தண்ணீர் போவது இயல்புதான். கண்ணாடி ஓரமாக இறங்கி, கதவின் அடியில் உள்ள சின்னத் துளைகள் வழியாக வெளியே போய்விடும். உள்பக்கம் வராமல் காப்பது டோர் பேடுக்கு (கதவின் உள்பக்க அட்டைக்கு) பின்னால் ஒட்டியிருக்கிற ஒரு பிளாஸ்டிக் தாள். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஸ்பீக்கர் மாட்டியபோது அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, கிழித்தபடியே பேடை மூடியிருக்கிறார்கள். கனமான பாலித்தீன் தாளை வெட்டி, கறுப்பு பியூட்டைல் டேப் வைத்து ஒட்டினேன். மொத்தச் செலவு 180 ரூபாய். இதைச் செய்யாமல் விட்டவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை அது.

மூன்றாவது எங்கள் காலத்தில் வந்தது. 2021-இல் லாரி டயரிலிருந்து தெறித்த கல்லில் முன் கண்ணாடி விரிந்தது. கண்ணாடி மாற்றிய கடையில் கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கிற ரப்பர் பீடிங்குக்கு உள்ளே, தண்ணீர் புகாமல் அடைக்கிற சீலன்ட் பசை வைக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தும் கேட்கத் தெரியவில்லை. ஒரு வருடம் கழித்துத்தான் பீடிங்கின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே துரு பிடித்துப் பழுப்பாகக் கிடந்தது. சுரண்டி, ப்ரைமர் அடித்து, சீலன்ட் துப்பாக்கியின் மூக்கை உதட்டுக்குள் விட்டு ஓரம் முழுக்க நிரப்பினேன். ஒரு முழு நாள் போயிற்று.

அதன் பிறகு 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில் எங்கள் தெருவும் முழுகியது. காருக்குள் சீட் நனையும் அளவுக்குத் தண்ணீர் ஏறி மூன்று நாள் நின்றது. அந்த நேரத்தில் நான் ஒழுகலைப் பற்றி நினைக்கவே இல்லை, வண்டி போய்விட்டது என்றே நினைத்தேன். தண்ணீர் வடிந்ததும் சாவியைத் தொடவில்லை. பேட்டரியைக் கழற்றினேன், மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினேன், இன்ஜின் இறுகிவிட்டதா என்று பார்க்க கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றினேன். சுற்றியது. ஆயிலை இறக்கினால் பால் அதிகமாக விட்ட டீ போல வந்தது. மலிவான ஆயிலை ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் இறக்கி, புது ஃபில்டரோடு நல்ல ஆயில் ஊற்றினேன். கியர் ஆயில், டிரம், வீல் பேரிங் கிரீஸ், ஸ்டார்ட்டர் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, எல்லாம் பிரித்துக் காயவைத்து மாட்டினேன். எட்டாவது நாள் வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. இன்ஜினை ஆள்கிற கம்ப்யூட்டர் இல்லாத வண்டி என்பதால் எட்டு நாளில் முடிந்தது. பக்கத்துத் தெருவில் புது வண்டி வைத்திருந்தவர்கள் இன்சூரன்ஸ் பதிலுக்காகப் பொங்கல் தாண்டியும் காத்திருந்தார்கள்.

அந்த எட்டு நாளை நினைத்தால் இந்த வண்டியைப் பற்றிக் குறை சொல்ல வாய் வராது.

செய்த மேம்பாடுகளில் பாதி தேவையே இல்லாதவை என்று இப்போது தோன்றுகிறது. ஒன்று மட்டும் பெரியது: ஹெட்லைட் ரிலே, அதாவது சுவிட்சிலிருந்து வரும் சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டை இணைக்கிற சாமான். பழைய வண்டியில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வரை போய்த் திரும்பி வருகிறது. வயரும் சுவிட்சும் பழசாகப் பழசாக வழியிலேயே வோல்ட் குறைந்துவிடும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8, பல்பில் 11.2. ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். அப்படியானால் நாங்கள் பாதி வெளிச்சத்தில்தான் நான்கு வருடம் ஓட்டியிருக்கிறோம். 750 ரூபாய்க்கு ஃபியூஸோடு ஒரு ரிலே செட் வாங்கி, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்தேன். அதே 60/55 வாட்ஸ் பல்புதான், இப்போது 13.4 வருகிறது.

போன தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி திருச்செந்தூர் ரோட்டில் வந்தோம். ரோட்டோரம் முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். பச்சை வேட்டி இருட்டில் தெரியவே தெரியாது. வளைவில் ஒரு தாத்தா, கூட ஒரு சின்னப் பையன், பையன் தோளில் ஒரு துணிப்பை. நல்ல தூரத்திலேயே மூன்றும் தெரிந்தது. நிதானமாக ஒதுங்கி வந்தேன். பழைய வெளிச்சத்தில் அந்தப் பையன் எப்போது தெரிந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் பாட்டு, சீட் கவர் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

ஸ்டார்ட்டிங் விஷயம் சுருக்கமாக. சூடான இன்ஜினை அணைத்து டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி எடுக்க அடம் பிடித்துக்கொண்டிருந்தது. கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்கிற தடித்த பேக்கிங்கை முன்பு யாரோ எடுத்துவிட்டு வெறும் காகித பேக்கிங் போட்டிருந்தார்கள். சரியானதைப் போட்டதும் தீர்ந்தது.

ஆனால் கால்மிதி தீரவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு மெத்தை, கம்பளம் எல்லாம் புதிதாகப் போட்டேன். வடிகால் சுத்தம், கதவுத் தாள் சரி, பீடிங் சரி. அப்படியும் போன சனிக்கிழமை ராத்திரி மழையில் நனைந்தது. கம்பளத்துக்கு அடியில் எப்போதும் தினத்தாள் விரித்து வைப்பேன், ஈரம் எந்தப் பக்கம் தொடங்கியது என்று அதில் தெரியும். இந்த முறை தாளின் மேல் மூலை, இன்ஜின் பக்கச் சுவரை ஒட்டிய இடம் மட்டும் ஊறிக் கிழிந்திருந்தது.

மச்சினன் போனை வைத்ததும் ஹோஸை எடுத்தேன். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம், குழாயை அழுத்திப் பிடிக்காமல் மழை போல விட வேண்டும். மகள் உள்ளே படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். சுவர்த் தகடு முழுக்க முகப்பவுடர் தூவி வைத்திருந்தேன், தண்ணீர் ஓடினால் கோடு விழும். கதவுக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு ஒன்றும் இல்லை. பானட்டின் பின் ஓரத்தில் தண்ணீர் விட்டதும், "அப்பா, வயர்ல ஒரு சொட்டு நிக்குது" என்றாள்.

போய்ப் பார்த்தேன். பவுடரில் கோடே இல்லை. தண்ணீர் தகட்டைத் தொடாமல், ஒரு கறுப்பு வயர் வழியாக ஊர்ந்து வந்து, அது வளைகிற இடத்தில் சேர்ந்து, கனம் தாங்காமல் ஒவ்வொரு சொட்டாகக் கம்பளத்தில் விழுந்துகொண்டிருந்தது. அது பனிவிளக்கு சுவிட்சுக்காக 2022-இல் நான் போட்ட வயர். சுவரில் இருந்த ரப்பர் வளையத்தைக் குத்தி நுழைத்திருந்தேன். வெளியே அந்த வயர் மேலிருந்து சரிந்து நேராக உள்ளே போகிறது. வீட்டுக்கு வருகிற கரண்ட் வயரைப் பாருங்கள், சுவருக்குள் நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் விட்டு, கீழே இறங்கி, மறுபடி ஏறித்தான் உள்ளே போகும். தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும். அந்த ஒரு சாண் வயரை நான் மிச்சம் பிடித்திருக்கிறேன். மூன்று வருடமாக மற்ற இடங்களைச் சந்தேகப்பட்டு, மற்றவர்களைத் திட்டி, என் கைவேலையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அது எனக்கு உண்மையாகவே வலித்தது.

வயரை வெட்டித் தொங்கல் விட்டு இணைத்தேன், புது ரப்பர் வளையம் போட்டேன், சுற்றிலும் சீலன்ட் வைத்தேன். இரண்டு மழை ஆயிற்று. தாள் காய்ந்திருக்கிறது.

கணக்கு: ஏழு வருடத்தில் சாமானுக்கு 43,000 சொச்சம், கண்ணாடியும் டிங்கரிங்கும் சேர்த்து 11,000. 2023-இல் ஆர்.சி. புதுப்பிக்க 5,000 கட்டினேன். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அதை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள், 2028-இல் எனக்கும் அதுதான். லிட்டருக்கு 17, 18 கிலோமீட்டர் தருகிறது. ரோட்டில் ஒரு தடவைகூட நடுவழியில் நிறுத்தியதில்லை.

மாப்ள, மேலே நான் எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் எடு என்றுதான் வரும். வண்டி நல்ல வண்டி. ஆனாலும் என் பதில் வேண்டாம்தான். உன் வண்டியிலும் முன்னால் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் எதைக் கிழித்து, எதைக் குத்தி, எதை மூடாமல் விட்டிருக்கிறார்களோ, அத்தனையும் உன் ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்கும். உனக்கு இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது.

அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால், ஏரலுக்குத் தனியாகப் போய் முன்பணம் கொடுத்துவிடாதே. சொல், நானும் வருகிறேன். வைப்பருக்குக் கீழே குத்திப் பார்க்கக் கம்பியும், பிளாட்பாரத்தைத் தட்ட ஸ்க்ரூடிரைவரும் எடுத்து வருகிறேன். நீ டார்ச் மட்டும் கொண்டு வா.