கொடைக்கானல் சீசன் வேலைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கல்லூரி கடைசி செமஸ்டரில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் கொடைக்கானலில் டென்ட் கேம்ப், ட்ரெக்கிங் வேலைக்கு ஆள் எடுப்பார்கள். மாதம் பதினைந்தாயிரம், சாப்பாடு, தங்குமிடம் இலவசம், பரீட்சைக்கு லீவு என்று வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வரும். 2025 ஏப்ரலில் அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் நானும் போனேன். மதுரையில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மலை, காடு என்றால் எனக்கு உயிர். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். இரண்டு மாதச் சம்பளம் வீட்டுக்குப் பெரிய உதவியாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 5-ஆம் தேதி மேலே போனதும் முதலில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள். ஜாக்கெட்டுக்கும் பயிற்சிச் சான்றிதழுக்குமாம். அப்புறம், "ஒரிஜினல் மார்க் ஷீட் குடுத்துட்டுப் போ தம்பி, சீசன் முடிஞ்சதும் வாங்கிக்கலாம்" என்றார் முதலாளி. பத்தாவது, பன்னிரண்டாவது இரண்டையும் கொடுத்தேன். வாங்கியதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. நான் செய்த பெரிய தவறு இதுதான்.

பயிற்சி என்பது ஒரே நாள். டென்ட் அடிக்க, அடுப்பு பற்றவைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். யாருக்காவது கால் பிசகினால் எப்படிக் கட்டுவது என்று ஒரு வார்த்தை இல்லை. தங்க நிறச் சீல் ஒட்டிய அந்தச் சான்றிதழுக்கு வெளியே ஒரு மதிப்பும் கிடையாது. மலையேற்றத்தை முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு உத்தரகாசியிலும் டார்ஜிலிங்கிலும் மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் அடிப்படைப் பயிற்சியே கிட்டத்தட்ட நான்கு வாரம் நடக்கும்.

ஏப்ரல் 12 சனிக்கிழமை, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டிய நீண்ட விடுமுறை. பதினான்கு பேர் வந்திருந்தார்கள். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் வழியாக வெள்ளகவிக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். சாலை வசதி இல்லாத ஊர் அது. ஊருக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். எல்லாரையும் ஷூவைக் கழற்றச் சொல்லிக் கையில் பிடித்தபடி நடந்தோம். ஒரு பாட்டி எங்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அதுவரை நல்ல நாள்தான்.

பிறகு முதலாளி போன் செய்தார். ஊரைத் தாண்டி ஓடைப் பக்கம் இறங்கி, அங்கே தீ மூட்டிச் சமைத்துக் கொடு என்றார். "பர்மிஷன் இருக்காண்ணே?" என்று கேட்டேன். "எல்லாம் பேசியாச்சு, நீ போ" என்றார். போனேன். அடுப்புக்குக் கல் கூட்டிக்கொண்டிருந்தபோது வனத்துறைக்காரர்கள் வந்து நின்றார்கள். அனுமதிச் சீட்டு கேட்டார்கள். முதலாளிக்குப் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப்.

வனவர் சத்தம் போடவில்லை. காலடியில் கிடந்த சருகை ஒரு பிடி அள்ளி என் முன்னால் நொறுக்கிக் காட்டினார். அப்பளம் மாதிரிப் பொடிந்தது. "குரங்கணி ஞாபகம் இருக்கா தம்பி?" என்றார். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீ பிடித்தபோது நான் எட்டாம் வகுப்பு. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையேறப் போனவர்கள்தான். என்னை நம்பி வந்த பதினான்கு பேரையும் திரும்பிப் பார்த்தேன். கை நடுங்கிவிட்டது.

காட்டுத் தீ அபாயம் என்பதால்தான் அரசின் மலையேற்றப் பாதைகளையே பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடி வைக்கிறார்கள். இது எனக்கு அன்றுதான் தெரியும். கொடைக்கானல் மலைக்காடுகளில் பெரும்பகுதி 2013-லிருந்து வனவிலங்குச் சரணாலயம். அனுமதி இல்லாமல் உள்ளே போவதே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விளம்பரம் செய்தவர், பணம் வாங்கியவர் எல்லாம் வேறு ஆள். ஆனால் காட்டுக்குள் நின்றது நான். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அபராதத்தை வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினார்கள். அவர்களிடம் இன்றைக்கும் எனக்குக் குற்ற உணர்ச்சி இருக்கிறது.

கேம்புக்குத் திரும்பியதும் முதலாளியிடம், வேலை வேண்டாம், மார்க் ஷீட்டைக் கொடுங்கள் என்றேன். "சீசன் முடியாம சர்டிபிகேட் கிடையாது" என்றார். 21-ஆம் தேதி எனக்குப் பரீட்சை. விட்டுப் போனால் தரமாட்டாரோ, கிழித்துவிடுவாரோ என்று பயந்து அங்கேயே இருந்தேன். முதல் பேப்பர் போய்விட்டது. வீட்டில் சொல்லவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

சொன்ன அன்றே அப்பா பஸ் ஏறி வந்தார். நேராகக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனார். புகார் எழுதிக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். அந்தச் சீட்டைக் காட்டிய ஒரு மணி நேரத்தில் மார்க் ஷீட் இரண்டும் கைக்கு வந்தன. அவ்வளவு எளிதாக முடிந்திருக்கக்கூடிய வேலை, முதல் நாளே சொல்லியிருந்தால். சம்பளம் வரவில்லை. காற்றில் கிழிந்த டென்டுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு, மெஸ்ஸுக்கு இவ்வளவு என்று கணக்குக் காட்டி, நான்தான் பாக்கி தர வேண்டும் என்றார்கள். தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். நடந்துகொண்டிருக்கிறது.

இந்த வேலைக்கே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் அதுதான் ஆசை. ஆனால் சான்றிதழ் கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர நீங்கள் பணம் கட்ட வேண்டியிருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். சம்பளம், பரீட்சை லீவு எல்லாம் வாட்ஸாப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும். பாதையின் பெயரும் தேதியும் போட்ட வனத்துறை அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் ஒருவரையும் காட்டுக்குள் கூட்டிப் போகாதீர்கள். 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. மலையோர ஊர் இளைஞர்களுக்கும் பழங்குடி இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள். வேலை எப்படி நடக்க வேண்டும் என்று பார்க்க ஒருமுறை அதில் போய் வாருங்கள்.

விட்ட பேப்பரை நவம்பரில் எழுதினேன். போன வாரம் ஜூனியர் ஒருவன் ஒரு ஸ்டேட்டஸை அனுப்பி, "அண்ணே, இது நல்ல இடமா?" என்று கேட்டான். அதே கேம்ப், அதே பதினைந்தாயிரம். படத்தில் டென்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்பது நான்.