கதை எழுதிக் கத்தக்கானா கற்ற 8 வாரங்கள்

ஜப்பானிய மொழியின் எழுத்துமுறைகளுள் ஒன்றான கத்தக்கானாவின் 46 அடிப்படை எழுத்துகளை விரைவில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் எந்தச் சொல்லை எப்போது அதில் எழுத வேண்டும் என்பதைப் பாடநூல்கள் 'பிறமொழிச் சொற்களுக்கு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதால், ஆண்டுக்கணக்கில் ஜப்பானிய மொழி படித்தவர்களுக்கும் அது பிடிபடுவதில்லை. டோக்கியோவில் ஒரு சிறிய மொழிப்பள்ளி, கதை எழுத வைத்தே இதைக் கற்பிக்கும் 8 வார மாலை வகுப்பு ஒன்றை நடத்துகிறது என்று அறிந்து சேர்ந்தேன்.

தொடக்கம் பழகிய தடம்தான். போர்த்துகீசியர் கொண்டுவந்த ரொட்டியான 'பான்', ஜெர்மனிலிருந்து வந்து பகுதிநேர வேலையைக் குறிக்கும் 'அருபைத்தோ', நம் கறி ஆங்கிலத்தின் வழியே போய்ச் சேர்ந்த 'கரே' ஆகியவற்றை வைத்து ஒரு கடைக் காட்சி எழுதினோம்.

மழை பெய்யும் ரயில் நிலையத்தை எழுதச் சொன்ன வாரத்தில்தான் வகுப்பின் அருமை புரிந்தது. கொட்டும் மழையின் 'ஜா ஜா'வையும் மெல்லத் தூறும் மழைக்குரிய 'ஷித்தோ ஷித்தோ'வையும் நான் கத்தக்கானாவிலேயே எழுதியிருந்தேன். ஆசிரியர் இரண்டாவதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இந்த மழை உங்கள் காதில் கேட்கிறதா?" என்று கேட்டார். காதில் விழும் ஓசையைக் கத்தக்கானாவிலும், தன்மையை மட்டும் உணர்த்தும் சொல்லை ஹிரகானா என்ற மற்றோர் ஜப்பானிய ஒலியெழுத்திலும் எழுதுவது பொதுவான வழக்கு. சலசல, மினுமினு என்று இரட்டைக்கிளவியோடு வளர்ந்த நமக்கு, ஓசை உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள இந்த வேறுபாடு ஒரு கேள்வியிலேயே விளங்கிவிடுகிறது.

அதைவிட ஆழமாகப் பதிந்தது, ஒரே சொல்லை எழுத்து மாற்றி எழுதும் பயிற்சி. 'ஹிதோ' என்பது சீனத்திலிருந்து வந்த எழுத்தான கான்ஜியில் சாதாரணமாக ஒரு மனிதர். கத்தக்கானாவில் எழுதினால் உயிரியல் நோக்கில் மனித இனம். 'ஹிரோஷிமா'வைக் கத்தக்கானாவில் எழுதும்போது 1945இல் அணுகுண்டு வீசப்பட்ட நகரம் என்ற பொருள் முன்னே வந்து நிற்கிறது. என் கதையில் பேரன் கான்ஜியில் சொன்ன ஊர்ப்பெயரைப் பாட்டி சொல்லும் இடத்தில் மட்டும் கத்தக்கானாவாக மாற்றினேன். வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டவரின் பேச்சைக் கத்தக்கானாவில் எழுதி, அது தடுமாறும் ஜப்பானிய மொழி என்று காட்டும் வழக்கத்தை வெறும் உத்தியாகவே கற்பித்தார்கள். அப்படிப் பேசுபவர்களாகவே வகுப்பில் அமர்ந்திருந்த எங்களுக்கு அது எப்படி இருக்கும் என்பதைப் பேச நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

கத்தக்கானாவில் வடிவம் ஒத்த 'ஷி'யையும் 'த்ஸு'வையும் இன்னும் குழப்பிக்கொள்பவர்கள் எழுத்துகளை நன்கு பழகிய பிறகு சேர்வது நல்லது. பத்தி அளவில் எழுத வருபவர்கள் தயங்காமல் சேரலாம்.